வீட்டுவண்டியும் குளிர்சாதனப் பெட்டியும்

(ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவன் ஒருவன்)

குளிரைச் செய்தல் என்று ஒரு தொழில் உலகில் இல்லை. வெப்பத்தை ஓரிடத்தினின்றும் எடுத்துப் பிறிதோரிடத்திற் கொண்டுபோய் விடுதல் ஒன்றே உண்டு. கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், பானையின் நுண்டுளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய மறைவெப்பத்தைப் பானையிடமிருந்தும் அதனுள்ளிருக்கும் நீரிடமிருந்தும் பெற்றுக்கொள்ளுதலேயாம் என்பதைக் கல்லூரி விஞ்ஞானகூடத்திலே படித்தோம். இன்று எம் சமையலறைகளில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டியும் இதே காரியத்தையே செய்கின்றது. பானையிலே ஆவியானது காற்றோடு போய்விடுகின்றது. பெட்டியிலோ ஆவியானதைத் திரும்பப் பிடித்துத் திரவமாக்கி மறுபடியும் ஆவியாகவிடுகின்றோம். அவ்வாறு திரும்பப் பிடிப்பதற்கு ஒரு செலவு உண்டு. வீட்டிலிருக்கும்வரை அச்செலவை நாம் உணர்வதில்லை. சுவரிலுள்ள மின்துளை அதனைக் கொடுத்துவிடுகின்றது. வீட்டை விட்டு நீங்கிய இடத்தில் அதனை யார் கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வட அமெரிக்காவிலே ‘ஆர்.வீ.’ என்னும் இரண்டெழுத்தாற் குறிக்கப்படும் வண்டிகளை அன்பர்கள் சிலர் படங்களிலேனும் கண்டிருப்பர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, மலசலகூடம் யாவும் உள்ளே அமைந்தவை. சில தாமே ஓடுவன. சில வேறு வண்டியினால் இழுக்கப்படுவன. இவற்றை இங்கு வீட்டுவண்டி என்று குறிப்பிடுவேன். பனிக்காலம் கழிந்ததும் கனடாவின் பெருந்தெருக்களில் இவற்றின் வரிசை தொடங்கிவிடும். உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய எம்மவர் சிலரும் இப்பொழுது இவ்வண்டிகளை வாங்கத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. வண்டியோடு வந்த சிறிய பெட்டி பழுதாகிவிட்டது. அதே வகையில் இன்னொன்று வாங்குவதாயின் விலை மிக அதிகம். அந்த விலையிற் பாதிக்கும் குறைவாக, அதனினும் பெரியதொரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் கடையில் வாங்கலாம். அதனையே கொண்டுவந்து வண்டியில் வைத்தாலென்ன? வினா நியாயமானதே. ‘வைக்கலாம்’, ‘வைக்கலாகாது’ என்று ஒரு சொல்லில் விடையிறுப்போர் இருசாராரும் உளர். இரண்டு பெட்டிகளும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறியாமல் அவ்விடைகளுள் எதனையும் ஏற்றல் தகாது.

வண்டியோடு வரும் பழைய வகைப் பெட்டி பெரும்பாலும் உறிஞ்சல்முறைப் பெட்டியாகும். இதனுள்ளே மோட்டார் இல்லை; அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. நெருப்பை மூட்டினாற் குளிர் உண்டாகும். இதனை முதன்முதற் கேட்பவர் சிரிப்பர். ஆயினும் மின்சாரம் எட்டாத வெப்பநாடுகளிலே, மண்ணெண்ணெய் விளக்கொன்றைக் கீழே ஏற்றிவைத்து மேலே தடுப்பூசி மருந்துகளைக் குளிர வைத்திருந்த பெட்டிகள் இவ்வகையினவே என்று சொன்னால், மூத்த வாசகர் சிலருக்கு நினைவு வரக்கூடும்.

அமோனியாவை நீரில் உறிஞ்சச் செய்து குளிராக்கும் முறையைப் பிரான்சு தேசத்துப் பேடினந்து கரே என்பார் 1859ஆம் ஆண்டில் அமைத்தார். அதற்குப் பாயியைத் தள்ளுதற்கு ஒரு பம்பி வேண்டியிருந்தது. அப்பம்பியையும் ஒழித்தவர்கள் சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்ரொக்கோமில், அரச தொழினுட்பக் கல்லூரி மாணவராயிருந்த பால்சர் வொன் பிளாற்றனும் கார்ல் முன்ரர்சும் ஆவர். 1922ஆம் ஆண்டில், இன்னும் மாணவராயிருக்கும்போதே அவர்கள் இதனைச் செய்தனர் என்பது இம்மலரைப் படிக்கும் இளம் மாணாக்கர் கவனிக்கத்தக்கது. 1925ஆம் ஆண்டு முதல் எலெக்ரோலக்ஸ் நிறுவனம் இப்பெட்டியை உலகெங்கும் விற்றது. ஐன்ஸ்ரைனும் அவருடைய நண்பர் சிலாட்டும் அசையும் உறுப்பில்லாத வேறொரு பெட்டியை அமைத்து 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றனர். அது சந்தைக்கு வரவில்லை.

உறிஞ்சற் பெட்டியின் சூழ்ச்சி முழுவதும் அதனுள் அடைக்கப்பட்ட மூன்று பொருள்களில் அடங்கும்: நீர், அமோனியா, ஐதரசன். சுவாலையாற் சூடாக்கப்படும் கொதிகலத்தில் நீரினின்றும் அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே செல்கின்றது. பெட்டியின் பின்புறத்து மேற்பகுதியிலுள்ள குழாய்களில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தை விட்டுத் திரவமாகின்றது. அத்திரவம் தன் பாரத்தினாலே கீழிறங்கி, ஐதரசன் நிறைந்த ஆவியாக்கியினுட் புகுகின்றது. குழாய்த்தொகுதி முழுவதிலும் மொத்த அமுக்கம் ஏறக்குறைய ஒன்றேயாயினும், ஆவியாக்கியில் அதன் பெரும்பங்கை ஐதரசன் தாங்குதலால் அமோனியாவின் பகுதியமுக்கம் அங்கே மிகக் குறைந்துவிடுகின்றது. தோற்றன் கூறிய பகுதியமுக்க விதி இங்கே சமையலறைக்கு வந்து சேருகின்றது. அமுக்கம் குறைந்த அமோனியா விரைந்து ஆவியாகி, உணவிலுள்ள வெப்பத்தை உண்கின்றது. பின்னர் அவ்வாவியும் ஐதரசனும் கலந்து பாரம் மிக்கனவாகிக் கீழிறங்க, அங்கே வந்துகொண்டிருக்கும் நீர் அமோனியாவை மாத்திரம் உறிஞ்சிக்கொள்கின்றது. இலேசான ஐதரசன் தனித்து மேலே திரும்புகின்றது. நீரோ அமோனியாவைச் சுமந்துகொண்டு கொதிகலத்துக்கு மீளுகின்றது. மோட்டார் செய்யும் வேலையைப் பாரமும் வெப்பமும் செய்கின்றன.

பாரத்தையே வேலைகாரனாக வைத்திருப்பதனாலேதான் இப்பெட்டிக்குச் சமதளம் வேண்டியிருக்கின்றது. ஒரு பக்கமாகச் சுமார் 3 பாகைக்கும், முன்பின்னாகச் சுமார் 6 பாகைக்கும் மேற்பட்ட சரிவில் வண்டியை நிறுத்திப் பெட்டியை இயக்கினால், குழாய்களிற் பாயி தேங்கிவிடும். கொதிகலம் பாயியின்றிக் காயும். உலோகம் துருப்பிடியாமல் நீரிற் சேர்க்கப்படும் சோடியங் குரோமேற்று அவ்வெப்பத்திலே படிந்து குழாயை அடைக்கும். ஓடும் வண்டியிற் குலுக்கம் இருத்தலால் இத்தீங்கு குறைவு. நிறுத்திய வண்டியிலேயே ஆபத்து. கொதிகலத்தில் வெடிப்பு ஏற்படுமாயின் ஐதரசனும் அமோனியாவும் வெளியேறுகின்றன. அருகிலே சுவாலை எரிந்துகொண்டிருக்கின்றது. தீப்பிடித்தற்கு ஏதுவான குறைபாடு காரணமாக 2006ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் இவ்வகைப் பெட்டிகள் பெருந்தொகையாகத் திருத்தத்திற்கு மீள அழைக்கப்பட்டன. ஆதலாற் பழைய பெட்டியை வைத்திருப்போர் அதன் பின்புறத்தை ஆண்டுதோறும் பார்த்தல் வேண்டும். அமோனியா மணமோ, கொதிகலத்தைச் சூழ மஞ்சட் கறையோ தென்படின் அப்பொழுதே அணைத்துவிடல் தகும். மஞ்சள் என்பது மேற்சொன்ன குரோமேற்றின் நிறம்.

இவ்வளவு குறையுடைய பெட்டி நூறாண்டு நிலைத்தமைக்குக் காரணம் யாது? அதன் உணவு புரொப்பேன் என்பதே. இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் நலம். வண்டியின் முன்புறத்திலே தொங்கும் சாதாரண உருளையில் 20 இறாத்தல், அதாவது 9 கிலோகிராம், புரொப்பேன் கொள்ளும். அதனை எரித்தாற் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய 115 கிலோவாற்று மணி. பெரிய உறிஞ்சற் பெட்டியின் எரிகுழல் எரியும்போது உண்பது சுமார் 440 உவாற்று. ஓயாமல் எரிந்தாலும் ஓர் உருளை 11 நாட் போதும். அணைந்தும் எரிந்தும் வருதலால் இரண்டு வாரமளவும் செல்லும். காட்டின் நடுவே மின்கம்பியில்லாத இடத்தில் இரண்டு வாரம்!

இனி வீட்டுப் பெட்டியைப் பார்ப்போம். இதிலே அமுக்கி என்னும் மோட்டார் ஆவியை நெருக்கித் திரவமாக்குகின்றது. 18 கன அடி கொள்ளும் இக்காலப் பெட்டியொன்றின் முகப்புச் சீட்டிலே ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கிலோவாற்று மணி என்று குறித்திருக்கும். நாளொன்றுக்கு அது 1.1 கிலோவாற்று மணியாகும். உறிஞ்சற் பெட்டி ஓயாமல் எரியும் நாளில் உண்பது பத்துக் கிலோவாற்று மணிக்கு மேல். ஆகவே வீட்டுப் பெட்டி பத்தில் ஒரு பங்கு சத்தியோடு, அதனினும் பெரிய இடத்தை, அதனினும் நன்றாகக் குளிரச் செய்கின்றது. உறிஞ்சற் பெட்டி குளிர்வதற்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும். வீட்டுப் பெட்டிக்குச் சில மணி நேரம் போதும். வெளியே 35 பாகை செல்சியசு காயும் நாளில் முன்னது திணறும், பின்னது பொருட்படுத்தாது.

இவ்வளவில் நின்றுவிட்டால் வீட்டுப் பெட்டியே வென்றது என்று தீர்ப்புக் கூறிவிடலாம். பலரும் இவ்விடத்தில் நின்றுவிடுவதனாலேதான் இடர்ப்படுகின்றனர். திறமையற்ற பெட்டிக்குச் செறிந்த உணவு வாய்த்திருக்கின்றது. திறமையுள்ள பெட்டிக்கு வாய்த்திருப்பதோ பற்றறி என்னும் வறிய களஞ்சியம். 9 கிலோகிராம் புரொப்பேனில் 115 கிலோவாற்று மணி அடங்கியிருப்பதைச் சொன்னேன். இவ்வண்டிகளில் வழக்கமாக வைக்கப்படும் 6 உவோற்று ஈயப் பற்றறிகள் நான்கின் பாரம் சுமார் 112 கிலோகிராம். அவற்றில் அடங்கும் சத்தி 5.3 கிலோவாற்று மணி மாத்திரமே. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைந்து குன்றுமாதலால், நாம் எடுக்கத்தக்கது அதிலும் பாதி.

இதற்கிடையில் இன்னொருவனும் பங்கு கேட்கின்றான். பற்றறியிலிருப்பது 12 உவோற்று நேரோட்டம். வட அமெரிக்க வீட்டுப் பெட்டிக்கு வேண்டியது 120 உவோற்று ஆடலோட்டம். ஒன்றை மற்றொன்றாக்கும் இன்வேர்ட்டர் என்னும் கருவி தன் கூலியை முதலிலே எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும். நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு திறன் உடையதென்று கொண்டால், பெட்டிக்கு 1.1 கொடுப்பதற்குப் பற்றறி 1.25 கொடுத்தல் வேண்டும். அஃதன்றியும், பெட்டி ஓய்ந்திருக்கும் வேளையிலும் இன்வேர்ட்டர் விழித்திருத்தல் வேண்டும். இன்றேல் பெட்டி மீண்டும் தொடங்கமாட்டாது. விழித்திருக்கும் செலவு கருவிக்குக் கருவி வேறுபடும். 25 உவாற்று என்று கொள்வோம். சிறிய விளக்கொன்றின் அளவுதானே என்று தோன்றும். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு அது 0.6 கிலோவாற்று மணி! பெட்டி உண்பதிற் பாதிக்கு மேல். ஆக நாட்செலவு 1.85 கிலோவாற்று மணி. பன்னிரண்டு உவோற்றிலே கணக்கிடின் ஏறக்குறைய 154 அம்பியர் மணி. நான்கு ஈயப் பற்றறிகளும் தரத்தக்கது 220. பெட்டி தன் பங்கை உண்டபின் எஞ்சும் 66இல் விளக்கும், நீர்ப்பம்பியும், இரவிலே கணப்பின் காற்றாடியும் பிழைத்தல் வேண்டும். சுருங்கச் சொன்னால், ஒரு நாட் பிழைப்பு.

இக்கணக்கு ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பதற்கு எனக்குத் தெரிந்த நண்பரொருவரின் அனுபவத்தைக் கூறலாம். அவரும் மனைவியாரும் ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதிக்குப் பயணமாயினர். மனைவியார் நீரிழிவுக்கு இன்சுலின் பாவிப்பவர். புதிய வீட்டுப் பெட்டியும் இன்வேர்ட்டரும் பொருத்தப்பட்டிருந்தன. பற்றறிகளோ முன்பிருந்த இரண்டு சிறியனவே. பொருத்தியவர் அதைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. மாலை ஐந்து மணிக்கு மின்னிணைப்பில்லாத தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தினர். குளிர்ந்த இரவு, கணப்பும் எரிந்தது. விடியற்காலையில் இன்வேர்ட்டர் பற்றறியின் தாழ்ந்த அழுத்தத்தைக் கண்டு தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. இருவரும் அறியாது உறங்கினர். காலையில் எழுந்து ஏரிக்கரைக்குச் சென்று திரும்பிய பின், நண்பகலிலேதான் பெட்டியுள்ளே விளக்கு எரியாதது கண்டனர். பாலும் மீனும் கழிக்கப்பட்டன. இன்சுலின் தப்பியது. பெரும்பாலான இன்சுலின் வகைகள் அறைவெப்பநிலையிற் சில வாரம் தாங்குவன. திறக்காத குப்பிகளை நெடுங்காலம் வைத்தற்கே 2 முதல் 8 பாகை செல்சியசு வேண்டும். எனினும் இதனை அவர்கள் அறிந்தது மாலையில், மருந்தகமொன்று இருக்கும் ஊரை அடைந்த பின்னரே. இடையிற் சென்ற ஐந்து மணி நேரம் அந்த அம்மையாருக்கு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை நான் கூறவேண்டியதில்லை.

இன்சுலினைப்பற்றி மற்றொரு குறிப்பு. உறைந்துவிட்ட இன்சுலினை உருகியபின் பாவித்தல் ஆகாது. கழித்தே விடல் வேண்டும். பனிபடியாத வீட்டுப் பெட்டிகளிலே குளிர்காற்று வரும் துவாரத்தின் அருகில் வைத்த பொருள் உறைவதுண்டு. ஆகவே மருந்தைக் கதவுப்பக்கமாக, ஒரு சிறிய வெப்பமானியோடு வைத்தல் நன்று.

பற்றறிக்கு வரவு எங்கிருந்து? முதலாவது, சூரியன். வண்டிக் கூரையிலே படுக்கையாகப் பொருத்திய 400 உவாற்றுத் தகடுகள், கோடை நாளொன்றில் முழுவெயிலுக்கு ஒப்பான நாலரை மணி நேரம் பெறுமாயின், இழப்புப் போக 1.26 கிலோவாற்று மணி தரும். செலவு 1.85. பற்றாக்குறை ஏறக்குறைய 0.6. அஃதாவது, இன்வேர்ட்டர் சும்மாவிருந்து உண்ணும் அதே தொகை. அதுவும் மரநிழலில் நிறுத்தாதவிடத்து. அழகிய தரிப்பிடங்களோ பெரும்பாலும் மரநிழலிலேயே இருக்கின்றன. இரண்டாவது, ஓடும்போது இயந்திரத்தின் மின்பிறப்பாக்கி. தானே ஓடும் வண்டியில் இது நல்ல வரவு. இழுபடும் வண்டியிலோ மெல்லிய நீண்ட கம்பியூடாகச் சொற்பமே வந்து சேரும். மூன்றாவது, பெற்றோலினால் இயங்கும் சிறு மின்பிறப்பாக்கி. அயலார் சாபத்தைப் பொருட்படுத்தாதோர்க்கு அது பயன்படும். பூங்காக்களில் அதனை இயக்குதற்கு நேரக்கட்டுப்பாடும் உண்டு. நான்காவது, தரிப்பிடத்து மின்னிணைப்பு. சிறிய இணைப்பும் 120 உவோற்றில் 30 அம்பியர், அதாவது 3600 உவாற்று வரை தரும். வீட்டுப் பெட்டிக்கு இதனைவிட ராசபோகம் வேறில்லை.

ஆகவே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி பெட்டியைப்பற்றியதன்று, இரவுகளைப்பற்றியது. எங்கே தங்குவீர்கள்? ஒவ்வோர் இரவும் மின்னிணைப்புள்ள இடத்திலே தங்குவோர்க்கு, பனிக்காலம் முழுவதும் புளோரிடாவில் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி வாழ்வோர்க்கு, வீட்டுப் பெட்டியே உகந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் கவலைப்படவேண்டியது பயண நேரத்தைப்பற்றி மாத்திரமே. அதிலும் பெரிய கவலை வேண்டியதில்லை. கதவைத் திறவாதவிடத்து மின்சாரமற்ற பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் உணவைப் பாதுகாக்கும். நிறைந்த உறைபகுதி இரண்டு நாள்வரை தாங்கும். காலையிற் புறப்பட்டு நண்பகலில் அடுத்த இடத்தை அடைவோர்க்கு இன்வேர்ட்டரே வேண்டியதில்லை. கதவைத் திறவாதிருக்கப் பேரப்பிள்ளைகளைப் பழக்குதல் ஒன்றே கடினம்.

அல்கொன்குயின் போன்ற பூங்காக்களில் மின்னிணைப்பில்லாத தரிப்பிடங்களை விரும்பிச் செல்வோர்க்கு நிலைமை வேறு. நாலைந்து நாள் காட்டிலிருப்போர் பழைய உறிஞ்சற் பெட்டியைப் பழித்தல் நன்றியின்மையாகும். அதற்கும் இடையூறுகள் உண்டு. பெற்றோல் நிலையத்திலும் சில சுரங்கப் பாதைகளிலும் கப்பல்களிலும் சுவாலையை அணைத்தல் வேண்டும். மலையில் ஏறுந்தோறும் காற்று ஐதாவதாற் சுவாலை நலியும். பானவிற்கு வடக்கே 2,000 மீற்றருக்கு மேல் எழும் மலைப்பாதையில் அது அணைந்துபோதலும் உண்டு.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று வந்து, கடந்த சில ஆண்டுகளாகப் புதிய வண்டிகளில் இடம்பிடித்திருக்கின்றது. அது 12 உவோற்று நேரோட்டத்திலேயே இயங்கும் அமுக்கிப் பெட்டி. வீட்டுப் பெட்டியைப் போல் நன்றாகக் குளிர்விக்கும், இன்வேர்ட்டரை வேண்டாது. 10 கன அடிப் பெட்டியொன்று நாளொன்றுக்கு முக்காற் கிலோவாற்று மணி முதல் ஒன்று வரை உண்ணும். மேற்சொன்ன 400 உவாற்றுத் தகடுகள் நல்ல வெயிலில் அதனைத் தாங்கும். விலை வீட்டுப் பெட்டியினும் அதிகம். ஆயினும் இன்வேர்ட்டருக்கும் மேலதிகப் பற்றறிகளுக்கும் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு பெரிதன்று. ‘மலிவான பெட்டி’ என்று தொடங்குவோர் இக்கூட்டலைச் செய்வதில்லை. மின்னிணைப்பில் அரைவாசியும் காட்டில் அரைவாசியுமாகக் காலங் கழிப்போர்க்கு நான் கூறுவது இதனையே.

வீட்டுப் பெட்டியே வேண்டுமென்று துணிந்தோர்க்கு இனிச் சில கூறுவேன். பற்றறிகளை ஈயத்தினின்றும் லிதியம் இரும்புப் பொசுபேற்று வகைக்கு மாற்றுதல் இயலுமாயின் மாற்றுக. 100 அம்பியர் மணி கொண்ட ஒன்று 12 கிலோகிராம் அளவே நிறுக்கும். அதன் சத்தியிற் பெரும்பகுதியையும் தீங்கின்றி எடுக்கலாம். அத்தகைய இரண்டு, நான்கு ஈயப் பற்றறிகளின் வேலையைச் செய்யும். ஆனால் கனடாவில் வாழ்வோர் ஒன்றை மறத்தலாகாது: உறைநிலைக்குக் கீழே இவற்றை மின்னேற்றினாற் பழுதாகும். ஆகவே அவை வண்டியின் உள்ளே, கதகதப்பான இடத்தில் இருத்தல் வேண்டும். அல்லது தம்மைத் தாமே சூடாக்கும் அமைப்புடையனவாயிருத்தல் வேண்டும்.

இன்வேர்ட்டர் தூய சைனலை தருவதாக இருத்தல் அவசியம். படிப்படியான சதுர அலை தரும் மலிவான கருவியால் மோட்டார் சூடாகும்; இக்காலப் பெட்டிகளிலுள்ள நுண்மின்சுற்றுகளும் கெடும். பெட்டி ஓடும்போது 100 முதல் 150 உவாற்று மாத்திரமே வேண்டுமாயினும், அமுக்கி தொடங்கும் கணத்தில் அதனைப்போற் பன்மடங்கு கேட்கும். உறைபனியை உருக்கும் சூடாக்கியும் நாளிற் சிறிது நேரம் சில நூறு உவாற்று உண்ணும். ஆதலால் 1000 உவாற்றுக்குக் குறையாத கருவி தகும். 12 உவோற்றிலே 1000 உவாற்று எனின் ஏறக்குறைய 100 அம்பியர். அதற்கேற்ற தடித்த குறுகிய கம்பியும், பற்றறியின் அருகிலேயே உருகியும் இல்லையாயின், புரொப்பேன் நெருப்புக்கு அஞ்சிப் பெட்டியை மாற்றியவர் மின்னெருப்பை வீட்டினுள் அழைத்தவராவர்.

பொருத்துதலிலே இடர் பல. இத்தகைய பெட்டி பெரும்பாலும் 30 அங்குல அகலமுடையது. வண்டியின் வாயில் பெரும்பாலும் அதனினும் ஒடுங்கியது. யன்னலையோ முன்கண்ணாடியையோ கழற்றி உட்செலுத்தியோர் உளர். வாங்குமுன் அளந்து பார்க்க. வண்டி குலுங்கும்போது பெட்டி நகராதிருக்க அடியிலே மரச்சட்டமும் மேலே தாங்கியும் வேண்டும். பெட்டியின் பக்கச்சுவரில் மாத்திரம் துளையிடற்க. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தை வெளியிடும் குழாய் அச்சுவரினுள்ளே மறைந்திருக்கின்றது. அதனுள் ஓடும் பாயியும் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் எரியும் வாயுவாகும். அதே காரணத்தாற் பக்கங்களிலே காற்றுக்குச் சிறிது இடைவெளியும் விடல் வேண்டும். முன்பு உறிஞ்சற் பெட்டிக்காகச் சுவரிலும் கூரையிலும் வெட்டிய காற்றுத்துளைகளை அடைத்துவிடுக. இன்றேல் தூசியும் குளிரும் மழையும் உள்ளே வரும். அப்பெட்டிக்குச் சென்ற புரொப்பேன் குழாயை உரிமம் பெற்ற தொழிலாளியைக் கொண்டு மூடுவித்தல் வேண்டும். துணி சுற்றி விடும் காரியம் அன்று அது.

கதவோ காந்தப்பட்டியினால் மாத்திரம் மூடியிருப்பது. முதல் வளைவிலேயே திறந்து, ஊறுகாய்ப் போத்தலை நிலத்தில் இறக்கிவிடும். ஆகவே பூட்டோ வாரோ வேண்டும். கண்ணாடித் தட்டுகளின் கீழ் இறப்பர்த் துண்டு வைத்தல் நலம். பெட்டியைச் செய்தோர் தரும் உத்தரவாதம் வண்டியிற் பாவிப்பதற்குப் பொதுவாகச் செல்லாது என்பதையும், காப்புறுதிக்காரர்க்கு மாற்றத்தை அறிவித்தல் வேண்டும் என்பதையும் மனத்திற் கொள்க.

எல்லாம் பொருத்தி முடிந்தபின், நெடும்பயணம் போகுமுன், வண்டியை வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். பெட்டியை நீர்ப்போத்தல்களால் நிரப்பி ஒரு பகல் குளிரவிடுக. மாலையில் மின்னிணைப்பைக் கழற்றுக. விளக்கு, பம்பி, கணப்பு யாவற்றையும் பயணத்திற் போலவே பாவித்து அன்றிரவு வண்டியிலேயே உறங்குக. காலையில் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்க. பெட்டியின் உள்வெப்பநிலை 4 பாகைக்கு மேற்படலாகாது. எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் ஓயவிட்டபின் ஈயப் பற்றறியின் அழுத்தம் 12.1 உவோற்றுக்குக் கீழே இருக்குமாயின், பாதிக்கு மேல் வெறுமையாகிவிட்டதென்று அறிக. அப்பொழுது மூன்று வழிகளே உள: பற்றறியைப் பெருக்குதல், தகட்டைப் பெருக்குதல், அல்லது மின்னிணைப்புள்ள தரிப்பிடத்தை முன்னதாகவே பதிவு செய்தல். மூன்றாவது மிக மலிவு. யூலை, ஓகத்து மாதங்களுக்கு வேண்டுவோர் பல மாதங்களுக்கு முன்னரே முந்திக்கொள்ளல் வேண்டும்.